பழைய காரில் கிளட்ச் உதறல்: கியர்பாக்ஸை இறக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் கியரில் கிளட்சை மெல்ல விடும்போது, வண்டி சீராக நகர வேண்டிய அந்த ஓரிரு விநாடிகளில் உடல் முழுக்க முன்னும் பின்னும் குலுங்கும். கிளட்ச் முழுதாகப் பிடித்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இதுதான் கிளட்ச் உதறல்.

பட்டறையில் இதைச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கிளட்ச் செட் மாத்திடலாம்" என்பதுதான். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டு, கூலியையும் கொடுத்த பிறகு வண்டி பழையபடியே உதறினால் வரும் ஆற்றாமை சொல்லி மாளாது. அப்படி உதறும் வண்டிகள் நிறைய உண்டு. உதறலைக் கிளப்பிய கோளாறு அந்தப் புது செட்டில் சரியாகிற கோளாறாக இருந்திருக்காது. அதனால் இந்த வழிகாட்டி வெளியிலிருந்து உள்ளே போகிறது. கையால் எட்டக்கூடியவை, கண்ணால் பார்க்கக்கூடியவை எல்லாம் முதலில். கியர்பாக்ஸை இறக்குவது கடைசியில். இறக்கிய பிறகும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சாமான் வாங்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்கும், ஸ்பிரிங் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டே பிடிக்கும்படிதான் இந்த அமைப்பு செய்யப்பட்டிருக்கிறது. வழுக்கல் சீராக இருந்தால் வண்டி வெண்ணெய் போல நகரும். பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து என்று போனால் ஒவ்வொரு பிடிப்பும் சக்கரம் வரை ஒரு தள்ளாகப் போய்ச் சேரும். விநாடிக்குப் 10 முறை வாக்கில் இது நடக்கும்போது நமக்கு அது உதறலாகத் தெரிகிறது.

இதைத் தொடங்கி வைப்பவை இரண்டு வகை. ஒன்று, உராயும் பரப்பின் கோளாறு: எண்ணெய், கிரீஸ், துரு, கண்ணாடி போலப் பளபளத்துப்போன லைனிங் (கிளட்ச் பிளேட்டின் இரு முகத்திலும் இருக்கும் உராயும் பட்டை). மற்றொன்று வடிவக் கோளாறு: ஃபிளைவீல் நெளிவு, ஏற்றத்தாழ்வான ஃபிங்கர்கள் (பெடலை அழுத்தும்போது தள்ளப்படும், பிரஷர் பிளேட்டின் நடுவில் இருக்கும் நாக்குகள்), வளைந்த பிளேட், நேராக உட்காராத கியர்பாக்ஸ். இவை தவிர, உதறலைத் தானாகத் தொடங்காமல், இருப்பதைப் பெரிதாக்குபவை உண்டு: அறுந்த இன்ஜின் மவுண்ட் (இன்ஜினை வண்டியின் உடலோடு தாங்கும் ரப்பர் இணைப்பு), தேய்ந்த ஜாயிண்ட், தளர்ந்த ரப்பர் புஷ். பழைய வண்டிகளில் இந்தக் கடைசி வகையைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். புது மவுண்டோடு உணரவே முடியாமல் இருந்திருக்கும் ஒரு சிறு நடுக்கம், ரப்பர் செத்துப்போன மவுண்டில் பல்லைக் கிட்டிக்க வைக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

உதறலோடு குழப்பிக்கொள்ளக்கூடியவற்றை இங்கேயே ஒதுக்கிவிடலாம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் வழுக்கல். பெடலை முழுக்க அழுத்தியும் ரிவர்ஸ் கியர் கரகரத்துக்கொண்டு விழுந்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது வரும் அதிர்வு சக்கரம், டயர், ஷாஃப்ட் பக்கத்துச் சமாச்சாரம். வண்டி கிளம்பும் அந்த ஆஃப் கிளட்ச் (பாதி பிடித்த கிளட்ச்) நேரத்தில் மட்டும் வருவதுதான் நம்முடைய விஷயம்.

படி 1: எப்போது உதறுகிறது என்று எழுதி வையுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் வண்டியைக் கவனியுங்கள். என் கருத்தில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. காலையில் முதல் தடவை எடுக்கும்போதா, நெரிசலில் ஊர்ந்து சூடான பிறகா? முன்னே போகும்போதா, ரிவர்ஸில் மட்டுமா? சமதளத்திலா, ஏற்றத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதா? கடைசியாக வண்டியில் என்ன வேலை செய்தார்கள், அதற்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா? இத்தனைக்கும் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள்.

மழையில் நனைந்தோ, சில நாள் ஓடாமலோ நின்ற வண்டி, முதல் நாலைந்து கிளம்பலில் உதறிவிட்டுப் பிறகு அடங்கினால், ஃபிளைவீல் முகத்தில் படிந்த மெல்லிய துருப் படலம்தான் காரணம். வார்ப்பிரும்பு ஈரக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓட ஓடத் தேய்ந்து போய்விடும், எதையும் பிரிக்க வேண்டாம்.

குளிரில் நன்றாக இருந்து, சூடேறியதும் உதறத் தொடங்கினால் ஃபிளைவீலிலோ பிரஷர் பிளேட்டிலோ வெப்பத்தால் நெளிவு, நீலம் பாய்ந்த திட்டுகள், அல்லது எண்ணெய்க் கசிவு என்று சந்தேகப்படலாம். சூட்டில் எண்ணெய் இளகி அதிகம் கசியும்.

ரிவர்ஸில் மட்டும் மோசம் என்றால் முதல் சந்தேகம் மவுண்ட் மீது. ரிவர்ஸில் இன்ஜின் எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். முன்னே போகும்போது சுமை படாத மவுண்ட் அப்போதுதான் சோதிக்கப்படுகிறது.

புதிய கிளட்ச் போட்ட அன்றிலிருந்தே உதறல் என்றால் பெரும்பாலும் பொருத்தியதில் ஏதோ தவறு நடந்திருக்கிறது. அது என்னவாக இருக்கும் என்பது கடைசிப் படியில்.

படி 2: இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா

நியூட்ரலில் ஐடிலிங்கில் விட்டு, இன்ஜின் மேல் கண் வையுங்கள். அங்கேயே தடுமாறுகிறது, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பிளக், பிளக் வயர், கார்புரேட்டர் வண்டியானால் ஜெட்டும் காற்றுக்கசிவும். ஆஃப் கிளட்சில் சுமை ஏறும் நொடியில் மிஸ்ஃபயர் அடித்தால், வண்டிக்குள் இருப்பவருக்கு அது அப்படியே கிளட்ச் உதறலாகத்தான் தெரியும். ஐடிலிங் வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் இதே கதைதான்.

படி 3: மவுண்ட் சோதனை

இந்தப் படிக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் கியர்பாக்ஸைத் தொடாமலே தீர்ந்துபோகும் உதறலில் பெரும்பங்கு இங்கேதான் தீர்கிறது.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, உதவிக்கு வந்தவர் முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை மட்டும் மெல்ல விடட்டும். பிடித்ததும் உடனே அழுத்தட்டும். பிறகு ரிவர்ஸில் இதையே செய்யட்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும், எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஓரிரு விநாடிகள் போதும். பிடித்து நிறுத்தியே வைத்திருந்தால் நல்ல கிளட்சும் கருகும்.

இன்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்புவது இயல்பு. சட்டென்று எகிறினால், "டொக்" என்று அடித்தால், ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் மவுண்ட் போய்விட்டது. பிறகு இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு மவுண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, எண்ணெய் குடித்து ஊறிப் போயிருக்கிறதா? ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். எண்ணெய் நிரப்பிய மவுண்டானால் கசிவுத் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். கியர்பாக்ஸ் மவுண்டையும், இன்ஜின் திரும்பாமல் தடுக்கும் டார்க் ராடின் புஷ்களையும் விட்டுவிடாதீர்கள். கீழே ஒளிந்திருப்பதால் இவற்றை யாரும் பார்ப்பதில்லை.

மவுண்ட் விஷயத்தில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. கேபிள் கிளட்ச் வண்டியில் கேபிளின் ஒரு முனை உடலோடும் மறுமுனை கியர்பாக்ஸோடும் இருக்கிறது. இன்ஜின் எகிறும்போது அந்த இடைவெளி மாறி, கேபிள் தானாக இழுபட்டுத் தளரும். அதாவது, உங்கள் கால் அசையாமல் இருக்க, கிளட்ச் தானே விட்டு விட்டுப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு இன்ஜினை மறுபடி எகிற வைக்கும். ஆக்ஸிலேட்டர் கேபிளும் இதே போலத் துடிக்கலாம். ஒரு மவுண்ட் இவ்வளவு பெரிய உதறலைத் தருமா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

படி 4: பெடலிலிருந்து, கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க் வரை

கேபிள் வண்டியானால், கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். எங்கேயும் சிக்காமல், கரகரக்காமல் ஓட வேண்டும். இழை பிரிந்திருந்தாலோ, உறை உருகியிருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். உறை உருகியிருந்தால் இன்ஜினுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் எர்த் வயரைச் சோதியுங்கள். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பிப் போய் அதைச் சுட்டுவிடும். வயரைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போட்டால் அதுவும் போகும்.

பெடல் ஃப்ரீ பிளே (கிளட்சைத் தொடும் முன் பெடல் வெறுமனே இறங்கும் தூரம்) பல கேபிள் வண்டிகளில் 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே இறுதி. தானே சரிசெய்துகொள்ளும் கேபிள்களில் இந்த இடைவெளி இருக்காது.

கேபிளுக்குப் பதிலாகத் திரவ அழுத்தத்தால் கிளட்ச் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியில் திரவ அளவைப் பாருங்கள். பெடலுக்கு மேலே திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறதா, கீழே அந்தத் தள்ளலை வாங்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை நாலைந்து முறை அடித்ததும் பிடிக்கும் இடம் மாறினால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது சீல் போயிருக்கிறது. காற்றை எடுத்துவிட்டுத்தான் அடுத்த முடிவு.

பிறகு இன்ஜின் ஓடும்போது பெடல் மேல் காலை மிக லேசாக வையுங்கள். பெடல் சீராகத் துடித்தால் ஃபிங்கர்கள் சமமாக இல்லை, அல்லது சுழலும் பாகங்களில் ஏதோ நெளிவு. பெடலை அழுத்தும்போது மட்டும் கிர்ரென்று சத்தம் வந்தால் ஃபிங்கர்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, அழுத்தியதும் நின்றுவிட்டால், கிளட்ச் பிளேட்டிலிருந்து சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இவை உதறலை நேரடியாகத் தராமல் இருக்கலாம். ஆனால் கியர்பாக்ஸை ஒருமுறை இறக்கினால் என்னென்ன மாற்ற வேண்டும் என்ற பட்டியலுக்கு இவை வேண்டும்.

படி 5: சக்கரம் வரையிலான பாதை

முன்சக்கர இழுவை வண்டியில் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்டுகளைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்சக்கர இழுவை வண்டியில் பார்க்க வேண்டியவை அதிகம்: பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட், நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர், பின் ஆக்ஸில் புஷ்கள், லீஃப் ஸ்பிரிங்கைக் கட்டியிருக்கும் யு போல்ட்டுகள். யு போல்ட் தளர்ந்திருந்தால் கிளம்பும்போது ஆக்ஸிலே முறுக்கிக்கொண்டு திரும்பும். கீழே படுத்துப் பார்க்கும்போது ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகே உள்ளே நுழையுங்கள்.

படி 6: பெல் ஹவுசிங்கின் அடியில் என்ன ஒழுகுகிறது

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் கூடுதான் பெல் ஹவுசிங். அதன் அடியில் பெரும்பாலான வண்டிகளில் ஒரு சிறு துளையோ, தகட்டு மூடியோ இருக்கும். அங்கே விரலை வைத்துப் பாருங்கள். கறுத்து, இன்ஜின் ஆயில் வாசனை வந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல். கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். கியர்பாக்ஸின் முன் சீல் போயிருக்கிறது. நீர்த்துப்போய், பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தால் கிளட்ச் திரவம். பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும் வண்டிகளில் இது சகஜம்.

எண்ணெய் உறுதியானால் வெளிச் சோதனை முடிந்தது, கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் மேலே வால்வு கவரிலிருந்து வழிந்து வந்த எண்ணெயும் இங்கேதான் சொட்டும். முதலில் இன்ஜினின் பின்பக்கத்தைத் துடைத்து, இரண்டு நாள் ஓட்டி, ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள்.

துளை வழியாக ஏதாவது கரைப்பானைப் பீய்ச்சினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். லைனிங் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே கழுவினாலும் சூடானதும் உள்ளிருந்து மறுபடி வெளியே வரும். வேண்டுமென்றே ஆஃப் கிளட்சில் எரித்துச் சுத்தம் செய்வது இன்னும் மோசம், நன்றாக இருந்த ஃபிளைவீலையும் அது கெடுத்துவிடும்.

படி 7: இறக்கிய பிறகு, துடைப்பதற்கு முன்

இதுவரை எதுவும் பிடிபடவில்லை, அல்லது எண்ணெய் உறுதியாகிவிட்டது என்றால் கியர்பாக்ஸை இறக்குங்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் எடுங்கள். அதற்கும் முன்னால் எல்லாவற்றையும் அப்படியே படம் எடுத்துவிடுங்கள். தடயம் துடைக்கும் துணியோடு போய்விடும்.

பிளேட்டின் இரண்டு முகத்தையும் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே விசிறிய எண்ணெய்த் தடம் இருந்தால் சீல், அல்லது ஸ்ப்ளைனில் (பிளேட் நகரும் இன்புட் ஷாஃப்டின் பற்களில்) அள்ளித் தடவிய கிரீஸ். பளபளப்பு இருந்தால் அதிகச் சூடு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏதோ நேராக உட்காரவில்லை. ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மி.மீ. கூட இல்லையென்றால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. நடுவில் இருக்கும் ஸ்பிரிங்குகள் கையில் ஆடுகின்றனவா, உடைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிளேட்டை இன்புட் ஷாஃப்டில் மாட்டி நகர்த்திப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்க வேண்டும், பக்கவாட்டில் திருப்பினால் ஆடக் கூடாது. ஸ்ப்ளைனில் படிக்கட்டு விழுந்திருந்தால் பிளேட் அங்கே சிக்கிச் சிக்கித்தான் நகரும்.

அடுத்தது ஃபிளைவீல். நுண்ணிய ஏற்றத்தாழ்வைக் காட்டும் டயல் கேஜை இன்ஜின் பிளாக்கில் பொருத்தி, முகத்தின் வெளி விளிம்பருகே முள்ளை வைத்து, ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுற்றும்போது கிராங்க் ஷாஃப்டை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். இல்லையென்றால் அதன் முன்பின் ஆட்டத்தையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். ரன்அவுட் (ஒரு சுற்றில் முள் காட்டும் ஏற்ற இறக்கம்) 0.1 மி.மீ. வாக்கில் இருந்தாலே பல வண்டிகளில் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். நீலத் திட்டுகள் இருக்கும் இடத்தில் வார்ப்பிரும்பு இறுகியிருக்கும். சாதாரண லேத் முனை அந்த இறுகிய திட்டின் மேல் எகிறிப் போய் மேடாகவே விட்டுவிடும், அதனால் கிரைண்டிங் செய்பவரிடம் கொடுப்பது நல்லது. படி வைத்த (இரு முகமும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்) ஃபிளைவீலில் கிளட்ச் முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ, பிரஷர் பிளேட் உட்காரும் முகத்திலும் அதே அளவு எடுக்க வேண்டும். இரட்டை ஃபிளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது) இருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் கடைசல் வேலை செய்ய முடியாது, மாற்றுவதுதான் வழி.

பிரஷர் பிளேட்டின் முகத்தில் நேரான இரும்புக்கோலை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். ஃபிங்கர் நுனிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்; 0.5 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் பல வண்டிகளில் ஏற்பதில்லை. ரிலீஸ் பேரிங் நகரும் குழாயில் பள்ளம், ஃபோர்க் உட்காரும் குமிழில் தேய்மானம், கிராங்கின் பின்முனையில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் ஆகியவற்றையும் பாருங்கள். பல முன்சக்கர வண்டிகளில் பைலட் பேரிங் கிடையாது.

எண்ணெய்தான் காரணம் என்றால் சீலை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். இன்ஜினின் பிரீதர் குழாய் (உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் கசிய வைக்கும். சீல் உதடு உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

படி 8: திரும்பப் பொருத்தும்போது

புது செட் போட்டும் உதறும் வண்டிகளில் பல இந்தக் கட்டத்தில்தான் கெடுகின்றன. எல்லாவற்றிலும் பெரிய தவறு, கியர்பாக்ஸை உள்ளே நுழைக்கும்போது அதன் பாரத்தை இன்புட் ஷாஃப்டில் தொங்க விடுவது. பிளேட்டின் மெல்லிய தகடு அந்தப் பாரத்தில் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, வண்டி முதல் நாளிலிருந்தே உதறும். போல்ட்டுகள் எல்லாம் ஏறும் வரை அடியில் ஜாக் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெல் ஹவுசிங்கை இன்ஜினோடு நேராக உட்கார வைக்கும் டவல் பின்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா, இரு முகங்களுக்கும் நடுவே வயரோ மண்ணோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பிரஷர் பிளேட்டில் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடையுங்கள். அதன் பிறகு உராயும் முகங்களைக் கையால் தொடாதீர்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதன் மேலேயே குறித்திருப்பார்கள். பிளேட்டைச் சென்டர் செய்யும் கருவியைப் போட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஓரிரு சுற்றுகளாக இறுக்குங்கள். ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் கவர் நெளியும். ஸ்ப்ளைனில் சூடு தாங்கும் கிரீஸ் பூச்சு அளவுக்கு மட்டும்; பிளேட்டை ஒருமுறை நகர்த்தி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

முதல் 300 முதல் 500 கி.மீ. வரை நிதானமாக ஓட்டுங்கள். ஏற்றத்தில் ஆஃப் கிளட்சில் நிறுத்துவது, பாரம் இழுப்பது இரண்டும் வேண்டாம். புது லைனிங் ஃபிளைவீல் முகத்தோடு ஒத்துப்போகும் இந்தத் தூரத்தில் லேசான நடுக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம், நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். 500 கி.மீ. தாண்டியும் அப்படியே இருந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க அவசரப்படாதீர்கள். முதல் வாரம் எழுதிய தாளை எடுத்து, மவுண்ட் சோதனையைப் புதிதாகச் செய்யுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது மவுண்டுகளும் கழன்று மாட்டப்பட்டிருக்கும். அதில் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டுத் தன் இடத்தில் அமர்ந்த பின், நிறுத்திவிட்டு இறுக்கினால் போதும்.